ஸ்காட்லாந்தில் முதலிடம், பிரிட்டனில் இரண்டாமிடம்: ஒரே வாரம், ஒரே பாட்டு, எப்படி?

மிருதங்கமணி

நண்பர்களே, ரொம்ப நாளாக மண்டையைக் குடையும் ஒரு விஷயம். 2013 ஏப்ரல் 8 அன்று பிரிட்டனின் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் இறந்தார். அவரைப் பிடிக்காதவர்கள் இணையத்தில் ஒன்றுகூடி, 1939இல் வந்த 'தி விசர்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் சூனியக்காரி செத்தாள் என்று கொண்டாடும் 'டிங் டாங்' பாட்டைக் காசு கொடுத்து வாங்கி, வாராந்திர சிங்கிள்ஸ் (தனிப்பாட்டு) பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். அந்த வாரம் பிரிட்டன் பட்டியலில் அதற்கு இரண்டாவது இடம். ஸ்காட்லாந்துக்கென்று வந்த பட்டியலில் முதலிடம்!

இரண்டையும் தயாரித்தது ஒரே நிறுவனம். ஸ்காட்லாந்தும் பிரிட்டனுக்குள்தான் இருக்கிறது. அப்படியென்றால் இவர்கள் எதைத்தான் எண்ணுகிறார்கள்? கடையில் விற்றதையா, ரேடியோவில் போட்டதையா, யூடியூபையா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள். "எல்லாம் காசு கொடுத்து வாங்குவது" என்று ஒற்றை வரியில் முடிப்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

ஒற்றைவரியான்

எல்லாம் காசு கொடுத்து வாங்குவதுதான்.

கிளைட்கரையாள்

ஒற்றைவரியானைக் கண்டுகொள்ளாதேங்கோ மணி அண்ணை. நான் கிளாஸ்கோவில் இருக்கிறேன், இந்தப் பாட்டு ஏறின வாரம் இங்கேதான் இருந்தேன். இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

பட்டியல் போடும் அஃபிஷியல் சார்ட்ஸ் கம்பெனிக்கு நாடு முழுக்க விற்ற கணக்கு வந்து சேரும். எல்லாவற்றையும் கூட்டினால் பிரிட்டன் பட்டியல். அதிலிருந்து ஸ்காட்லாந்தில் விற்றதை மட்டும் தனியே எடுத்து வரிசைப்படுத்தியதுதான் ஸ்காட்லாந்துப் பட்டியல் (2020இல் அதை நிறுத்திவிட்டார்கள்). பிரிட்டன் மக்கள்தொகையில் நாங்கள் சுமார் 8 சதவீதம். இங்கே எல்லாரும் ஒரே பாட்டை வாங்கினாலும் பெரிய பட்டியல் லேசில் அசையாது. ஆனால் எங்கள் பட்டியலில் அது நேரே உச்சிக்குப் போய்விடும்.

ஏன் இங்கே அந்தப் பாட்டுக்கு அவ்வளவு வாங்குபவர்கள் என்றால், தாட்சர் ஆட்சியின் போல் டாக்ஸ் என்ற தலைவரியை 1989இல் முதலில் எங்கள் மேல்தான் சுமத்தினார்கள். இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் அது ஒரு வருடம் கழித்துத்தான் போனது. சுரங்கங்கள் மூடப்பட்ட ஊர்களில் இன்னும் தாட்சர் பெயரைச் சொன்னால் கிழவர்கள் முகம் மாறும். அந்த வாரம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது டியூக் டூமான்ட் என்பவரின் டான்ஸ் பாட்டு. சூனியக்காரி ஐம்பதாயிரத்துக்கு மேல் விற்றும் அதைத் தாண்டவில்லை.

அப்புறம், ரேடியோவில் எத்தனை தடவை போட்டார்கள் என்பது பிரிட்டன் கணக்கில் சேரவே சேராது. அதைச் சேர்ப்பது அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை போடும் ஹாட் 100 பட்டியல்.

பழைய_ரிக்கார்டு

கிளைட்கரையாள் சொன்னது சரி. ஆனால் "கணக்கு வந்து சேரும்" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டாரே, சுவாரசியமே அங்கேதான் இருக்கிறது.

பிரிட்டனின் முதல் பட்டியல் 1952 நவம்பர் 14 தேதியிட்ட நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் பத்திரிகையில் வந்தது. பெர்சி டிக்கின்ஸ் என்ற ஊழியர் சுமார் இருபது ரிக்கார்டு கடைகளுக்கு போன் போட்டு, இந்த வாரம் எது நன்றாகப் போனது என்று கேட்டு, பதிலுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டினார். அவ்வளவுதான் தொழில்நுட்பம். பெயர் டாப் 12, ஆனால் சில இடங்களைப் பாட்டுகள் பங்குபோட்டுக் கொண்டதால் உள்ளே 15 பாட்டுகள். விளம்பரம் பிடிப்பதற்காக ஒரு பத்திரிகை செய்த வேலை அது. மக்கள் ரசனையை அளக்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து யோசித்துத் தொடங்கவில்லை.

1969இல் பிரிட்டிஷ் மார்க்கெட் ரிசர்ச் பீரோ வந்தது. சில நூறு கடைகளைத் தேர்ந்தெடுத்து நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். விற்கிற ஒவ்வொரு இசைத்தட்டின் எண்ணையும் கடைக்காரர் கையால் எழுதி வார முடிவில் தபாலில் அனுப்ப வேண்டும். 1971 தொடக்கத்தில் தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது நோட்டுகள் வந்து சேராமல் பட்டியல் தடுமாறியது.

ஓட்டை எங்கே என்று இப்போது புரிந்திருக்கும். எல்லாக் கடையும் கணக்கில் இல்லை, சில நூறு கடைதான். அந்தக் கடைகள் எவை என்று ரிக்கார்டு கம்பெனி ஆட்கள் மோப்பம் பிடித்துவிட்டால் போதும். அங்கே போய் தட்டுகளைத் தாங்களே வாங்குவார்கள். அல்லது கவுன்டரில் இருக்கும் பையனுக்கு டி-சர்ட்டும் கச்சேரி டிக்கெட்டும் கொடுத்து நோட்டில் நாலு டிக் கூடப் போடச் சொல்வார்கள். எழுபதுகளின் கடைசியில் இது பெரிய நாற்றமாகி, 1980இல் தொலைக்காட்சியில் அம்பலமானது. 1983இல் கேலப் என்ற ஆய்வு நிறுவனம் வந்து கடைகளில் மின்னணுக் கருவி வைத்துத் தொலைபேசிக் கம்பி வழியாகக் கணக்கை இழுக்க ஆரம்பித்த பிறகுதான் கையெழுத்து வித்தை அடங்கியது.

ஒற்றைவரியானுக்கு இதுதான் பதில். காசு கொடுத்து வாங்கியது உண்மை. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் ஓட்டையைக் கண்டுபிடித்ததால்தான் விதி மாறியிருக்கிறது. இப்போதுள்ள விதிப் புத்தகத்தைப் படித்தால் எழுபது வருடத் திருட்டு வரலாற்றைப் படித்த மாதிரி இருக்கும்.

ஒற்றைவரியான்

நான் சொன்னதைத்தான் நீளமாகச் சொல்லியிருக்கிறார்.

வெண்ணிலா_கோவை

ஒரு சந்தேகம். தொண்ணூறுகளில் ஒரு பாட்டு முதல் வாரம் 1, அடுத்த வாரம் 9, அதற்கடுத்து 20 என்று விழும். எழுபதுகளிலோ கீழே நுழைந்து மெதுவாக ஏறும். ரசனையா மாறிப்போனது?

பழைய_ரிக்கார்டு

ரசனை இல்லையம்மா, விலை. சிங்கிள் சிடியை முதல் வாரம் மட்டும் அடிமாட்டு விலைக்குக் கொடுத்து, மறுவாரமே விலையை ஏற்றிவிடுவார்கள். வெளியாவதற்குப் பல வாரம் முன்பிருந்தே ரேடியோவில் போட்டுப் போட்டு ஆளை ஏங்க வைத்திருப்பார்கள். எனவே வாங்க நினைக்கிற எல்லாரும் முதல் வாரத்திலேயே வாங்கிவிடுவார்கள். போதாததற்கு ஒரே பாட்டை இரண்டு சிடி, ஒரு கேசட் என்று வெவ்வேறு உபரிப் பாட்டுகளோடு விற்று, தீவிர ரசிகனை மூன்று தடவை வாங்க வைத்தார்கள். எத்தனை வடிவம் கணக்கில் சேரும் என்பதற்கே உச்சவரம்பு போட வேண்டியதாயிற்று.

கணக்கப்பிள்ளை

டவுன்லோடுக்கும் ஸ்ட்ரீமிங்குக்கும் யாரும் வரவில்லையே. நான் வருகிறேன்.

டவுன்லோட் 2005 ஏப்ரலில் சிங்கிள்ஸ் பட்டியலுக்குள் வந்தது. ஆனால் கடையில் தட்டும் இருந்தால்தான் செல்லும் என்று நிபந்தனை. 2006இல் நார்ல்ஸ் பார்க்லியின் 'கிரேசி', தட்டு கடைக்கு வரும் முன்பே டவுன்லோடை மட்டும் வைத்து முதலிடம் பிடித்தது. 2007 ஜனவரியில் நிபந்தனையே போனது. மணி கேட்ட சூனியக்காரிப் பாட்டு இந்த மாற்றம் இல்லாமல் நடந்திருக்கவே முடியாது. அதற்கு முன்பென்றால் யாராவது அந்த 1939 பாட்டைப் புதிதாகத் தட்டு போட்டுக் கடைகளுக்கு அனுப்ப வேண்டும். ஒரு வாரத்துக்குள் ஆகிற காரியமா?

ஸ்ட்ரீமிங் 2014 ஜூலையில் வந்தது. 100 தடவை கேட்டால் ஒரு விற்பனை. 2017 ஜனவரியில் அதை 150 ஆக்கினார்கள். 2018 ஜூலையில் இரண்டாகப் பிரித்தார்கள். மாதச் சந்தா கட்டிக் கேட்பவர் என்றால் 100 தடவைக்கு ஒன்று, விளம்பரத்தோடு ஓசியில் கேட்பவர் என்றால் 600 தடவைக்கு ஒன்று. வீடியோவும் அப்போதுதான் சேர்ந்தது. 30 விநாடியாவது ஓடியிருக்க வேண்டும். ஒரு ஆள் ஒரு பாட்டை ஒரே நாளில் நூறு தடவை ஓட்டினாலும் பத்துதான் கணக்கு.

ஒரு பாட்டை 60 லட்சம் தடவை கேட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் சந்தாதாரர்கள் என்றால் 60,000 விற்பனை. எல்லாரும் ஓசி என்றால் 10,000. அதே பாட்டு, கேட்டதும் அதே எண்ணிக்கை, ஆனால் ஒன்று முதல் சில இடங்களுக்குள் இருக்கும், இன்னொன்று எங்கோ கிடக்கும்.

வெண்ணிலா_கோவை

அப்போது காசு இல்லாத கல்லூரிப் பையன் ஆறு பேர் சேர்ந்தால் ஒரு சந்தாதாரருக்குச் சமமா? நல்ல ஜனநாயகம்.

கணக்கப்பிள்ளை

ஜனநாயகம் என்று யார் சொன்னது? இது வியாபாரக் கணக்கு. ஓசியில் கேட்பவரால் வரும் வருமானம் குறைவு, அதனால் எடையும் குறைவு. எனக்கு இதில் கோபம் இல்லை. எனக்குக் கோபம் அடுத்த விதியில்தான்.

2017 மார்ச்சில் எட் ஷீரனின் ஆல்பம் வந்த வாரம், அதிலிருந்த 16 பாட்டும் டாப் 20க்குள். முதல் பத்தில் ஒன்பது அவருடையது. ஆல்பத்தை வரிசையாக ஓட்டியவர்களின் கணக்கெல்லாம் சிங்கிள்ஸ் பட்டியலில் கொட்டிவிட்டது. அதிர்ந்துபோய் அந்த ஜூலையிலேயே இரண்டு கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். முதன்மைக் கலைஞர் ஒருவருக்கு ஒரே சமயத்தில் மூன்று பாட்டுதான். இது நியாயம். இரண்டாவது, பாட்டு பட்டியலுக்குள் வந்து ஒன்பது வாரத்துக்கு மேல் ஆகி, தொடர்ந்து மூன்று வாரம் இறங்கினால் அதன் ஸ்ட்ரீமிங் மதிப்பைப் பாதியாக்குவது. இன்றைய கணக்கில் 100க்குப் பதில் 200, 600க்குப் பதில் 1200. பழைய பாட்டுகளை ஓரமாகத் தள்ளிப் புதியதற்கு இடம் கொடுக்கும் ஏற்பாடு.

இதன் கூத்து 2022இல் தெரிந்தது. கேட் புஷ் 1985இல் பாடிய 'ரன்னிங் அப் தட் ஹில்' ஒரு நெட்ஃபிளிக்ஸ் தொடரில் வந்து, புதுத் தலைமுறை விழுந்து விழுந்து கேட்டது. ஆனால் பழைய பாட்டு என்பதால் பாதி விலைக் கணக்கு. ஸ்ட்ரீமிங்கில் மற்ற எல்லாவற்றையும் முந்தியும் இரண்டாமிடத்தில் நின்றது. அப்புறம் விதிவிலக்கு கொடுத்தார்கள், ஜூன் மாதம் முதலிடம். வெளியாகி 37 வருடம் கழித்து! அப்படியானால் அதற்கு முந்தின வாரம் உண்மையில் யார் முதலிடம்? நீங்களே சொல்லுங்கள்.

பழைய_ரிக்கார்டு

கணக்கப்பிள்ளை, உணர்ச்சிவசப்படாதீர்கள். அந்த விதி இல்லையென்றால் பட்டியல் உறைந்துபோகும். வாங்குவது ஒரு தடவை, கேட்பது ஆயிரம் தடவை. 2016இல் டிரேக்கின் ஒரே பாட்டு 15 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? சிங்கிள்ஸ் பட்டியல் என்பது இந்த வாரம் புதிதாக என்ன நடந்தது என்று சொல்லும் செய்தி. போன மாதச் செய்தியையே தினமும் வாசித்தால் யார் கேட்பார்கள்?

கணக்கப்பிள்ளை

செய்தி என்றால் நடந்ததைச் சொல்ல வேண்டும். எது நடந்தால் நமக்கு வசதியோ அதற்கேற்ப எடைக்கல்லை மாற்றக்கூடாது.

கிளைட்கரையாள்

நீங்கள் இருவரும் சண்டை போடுங்கோ, நான் ஸ்காட்லாந்துக்குத் திரும்புகிறேன். மணி அண்ணை கேட்டதும் அதுதானே.

2014இல் பெரிய பட்டியலில் ஸ்ட்ரீமிங் வந்தபோது ஸ்காட்லாந்துப் பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை. தட்டும் டவுன்லோடும் மட்டும்தான். 2013இல் இரண்டு பட்டியலும் ஒரே அளவுகோல், ஊர் மட்டும் வேறு. 2014க்குப் பிறகு அளவுகோலே வேறு. அதன் பிறகு ஒரு பாட்டு ஸ்காட்லாந்தில் 1, பிரிட்டனில் 14 என்று பார்த்தால், "அட, ஸ்காட்லாந்துக்காரருக்கு இது பிடிக்கிறது" என்று சொல்ல முடியாது. காசு கொடுத்து வாங்குகிற பழக்கம் உள்ளவர்களுக்குப் பிடிக்கிறது, அவ்வளவே. அவர்கள் பெரும்பாலும் வயது கூடியவர்கள். ஸ்ட்ரீமிங்கில் பறக்கும் ராப் பாட்டுகள் எங்கள் பட்டியலில் கீழே கிடந்தன. அதற்காக இங்கே இளைஞர்கள் ராப் கேட்பதில்லை என்று அர்த்தமில்லை. என் மகனின் அறைப் பக்கம் வந்து பார்த்தால் தெரியும்.

இணையத்தில் ஆட்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "ஸ்காட்லாந்தின் தனி ரசனை" என்று கட்டுரை எழுதுவதைப் பார்த்தால் எரிச்சல் வரும்.

மிருதங்கமணி

இதுதான் நான் எதிர்பார்க்காத விஷயம். அப்படியென்றால் 2013 சங்கதி மட்டும் உண்மையான ஊர் வித்தியாசம், அதற்குப் பிறகு வந்ததில் பாதி அளவுகோல் வித்தியாசம்.

மேற்பார்வை

தாட்சர் நல்லவரா கெட்டவரா என்று தொடங்கிய பதிவுகளை அரசியல் பகுதிக்கு நகர்த்தியிருக்கிறேன். இங்கே பாட்டு மட்டும்.

ஆன்ட்வெர்ப்_அரசு

ஊர் வித்தியாசம் என்று பார்க்க வேண்டுமானால் நாங்கள் இருக்கும் பெல்ஜியத்தைப் பாருங்கள். அல்ட்ராடாப் 1995இலிருந்து பட்டியல் போடுகிறது. டச்சு பேசும் பிளாண்டர்சுக்கு ஒன்று, பிரெஞ்சு பேசும் வலோனியாவுக்கு ஒன்று. இரண்டுக்கும் ஒரே விதி, ஒரே நிறுவனம். ஆனால் பார்த்தால் வேறு வேறு நாடு மாதிரி இருக்கும். தெற்கே உள்ளது பாரிஸ் பக்கம் சாய்ந்திருக்கும். வடக்கே டச்சில் பாடி அரங்கம் நிரப்புகிறவர்களின் பெயரைத் தெற்கே கேட்டால் தோளைக் குலுக்குவார்கள். இரண்டிலும் முதலிடம் பிடிப்பது என்றால் பெரிய விஷயம். பிரஸ்ஸல்ஸ் பையன் ஸ்ட்ரோமே பிரெஞ்சில் பாடிய 'அலோர் ஆன் டான்ஸ்' அதைச் செய்தது.

கிளைட்கரையாள் சொன்னதோடு ஒப்பிட்டால், பிராந்தியப் பட்டியலுக்கு மதிப்பு வருவது இப்படி அளவுகோல் ஒன்றாக இருக்கும்போதுதான்.

பழைய_ரிக்கார்டு

அளவுகோல் மாறினால் ரசனையே மாறின மாதிரி தெரியும் என்பதற்கு அமெரிக்காவில் நல்ல உதாரணம் இருக்கிறது. 1991 வரை பில்போர்டுக்காரர்கள் கடைக்குப் போன் போட்டு எது நன்றாகப் போகிறது என்று கேட்டுத்தான் எழுதினார்கள். அந்த வருடம் சவுண்ட்ஸ்கேன் என்ற முறை வந்து, பில் போடும் இடத்தில் பார்கோடைப் படித்துக் கணக்கெடுத்தது. உடனே ஆல்பம் பட்டியலில் கன்ட்ரியும் ராப்பும் திமுதிமுவென்று மேலே வந்தன. திடீரென்று யாரும் வாங்கத் தொடங்கவில்லை. முன்பும் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். போனில் பதில் சொன்ன கடைக்காரர்கள் வாயில் ராக் பேர்தான் முதலில் வந்தது.

வெண்ணிலா_கோவை

நம்ம ஊருக்கு ஏன் இப்படி ஒன்று இல்லை? தமிழ்ப் பாட்டுக்கு வாராந்திரப் பட்டியல், வெளிப்படையான கணக்கோடு?

பழைய_ரிக்கார்டு

பிரிட்டனில் பெர்சி டிக்கின்ஸ் போன் சுற்றிய அதே 1952இல், டிசம்பரில், இலங்கை வானொலியில் அமீன் சயானி பினாகா கீத்மாலாவைத் தொடங்கினார். இந்திப் பாட்டுகளுக்கான வரிசை. பிற்பாடு கடைகளில் ரிக்கார்டு விற்றதையும் நேயர் மன்றங்கள் எழுதி அனுப்பிய வாக்குகளையும் சேர்த்து வரிசை போட்டார்கள். ஆக நம் பக்கத்திலும் தொடக்கம் இருந்தது, அதுவும் கொழும்பிலிருந்து. கேசட் காலத்தில் என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். கடைக்குப் போய் வெற்று டேப் கொடுத்து, பிடித்த பன்னிரண்டு பாட்டைப் பதிந்து வாங்கிய தலைமுறை நாம். அதை யார் எண்ணுவது? எந்தப் பில்லில் வரும்?

ஆன்ட்வெர்ப்_அரசு

இப்போது எண்ணலாமே? எல்லாம் செயலியில்தான் ஓடுகிறது. பில்போர்டே 2022இல் இந்தியாவுக்கென்று ஒரு பாட்டுப் பட்டியல் தொடங்கியது. ஸ்பாட்டிஃபை நகரவாரியாகவே போடுகிறது.

கணக்கப்பிள்ளை

ஒரு செயலியின் பட்டியல் அந்தச் செயலிக்காரர்களின் பட்டியல், ஊர்ப் பட்டியல் ஆகாது. இந்தியா முழுமைக்கும் ஒன்று போட்டால் தமிழ்ப் பாட்டு இந்தியோடும் பஞ்சாபியோடும் தலை எண்ணிக்கையில் மோத வேண்டும். அது கிளைட்கரையாளின் 8 சதவீதக் கதைதான். தமிழுக்குத் தனியாகப் போடுவதென்றாலும் முதல் கேள்வியிலேயே அடிதடி வரும். தமிழ்நாட்டில் கேட்கப்படும் எல்லா மொழிப் பாட்டும் சேர்ந்த பட்டியலா, அல்லது உலகத்தில் எங்கே கேட்டாலும் தமிழ்ப் பாட்டின் பட்டியலா? முதலாவதில் மலையாளமும் இந்தியும் நுழையும். இரண்டாவதில் டொரன்டோவும் யாழ்ப்பாணமும் கோலாலம்பூரும் வாக்கு போடும். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும். இடத்தை அளந்தால் அங்கே நிஜமாக என்ன ஓடுகிறது என்று தெரியும். மொழியை அளந்தால் நமக்கு நாமே கைதட்டிக் கொள்வதில் போய் முடியும்.

கிளைட்கரையாள்

இங்கே ஒரு சின்ன மறுப்பு. இடத்தை மட்டும் அளந்தால் சிறுபான்மை காணாமல் போகும். லண்டனில் தமிழர் வீடுகளில் என்ன ஓடினாலும் பிரிட்டன் பட்டியலில் அதன் நிழல்கூட விழாது. 2009இல் ரஹ்மானின் 'ஜெய் ஹோ' மூன்றாமிடம் வரை போனது, ஆனால் புசிகேட் டால்ஸ் ஆங்கிலத்தில் பாடிய வடிவம்தான். எங்கள் பிள்ளை எம்.ஐ.ஏ.வின் 'பேப்பர் பிளேன்ஸ்' உலகம் முழுக்க ஓடியும் பிரிட்டனில் 19 வரைதான் வந்தது. பஞ்சாபியில் 2003இல் 'முந்தியான் தோ பச் கே' 5ஆம் இடம் பிடித்தது, அது விதிவிலக்கு. எனக்கு இரண்டு பட்டியலும் வேண்டும்.

மிருதங்கமணி

கடைசியாக ஒன்று கேட்டுவிடுகிறேன். இன்று இப்படி ஒரு கூட்டம் கிளம்பி, ஒரு பாட்டைக் கிண்டலுக்காக ஏற்ற நினைத்தால் பிரிட்டனில் முடியுமா? ஸ்ட்ரீமிங் காலத்தில் சுலபமாகியிருக்க வேண்டுமே, காசே வேண்டாம்.

கணக்கப்பிள்ளை

தலைகீழ். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்குப் பத்துதான் உச்சவரம்பு, வாரத்துக்கு 70. சந்தா கட்டியவரே ஏழு நாளும் விடாமல் ஓட்டினாலும் 100ஐ எட்டமாட்டார், முழு ஒரு விற்பனைகூட ஆகாது. ஓசிக்காரர் என்றால் ஒன்பது பேர் வாரம் முழுக்க உழைத்தால்தான் ஒன்று. ஒரு பவுண்டு கொடுத்து டவுன்லோட் செய்தால் அரை நிமிடத்தில் முழுசாக ஒன்று. 1939 பாட்டு என்றால் ஸ்ட்ரீமிங்குக்குப் பாதி விலை வேறு.

அதனால்தான் லாட்பேபி என்ற யூடியூப்காரர் சாசேஜ் ரோலைப் பற்றிக் கேலிப்பாட்டு பாடி, வருமானத்தை உணவு வங்கிகளுக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லி, 2018இலிருந்து 2022 வரை ஐந்து கிறிஸ்துமசுக்கும் தொடர்ந்து முதலிடம் பிடிக்க முடிந்தது. அவருடைய ஆட்கள் வாங்கினார்கள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் பாட்டு பட்டியலில் தடதடவென்று கீழே போய்விடும்.

கிளைட்கரையாள்

அப்புறம் மணி அண்ணை, ஏறினாலும் ரேடியோக்காரர் முழுசாகப் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பட்டியல் தயாரிப்பவர் வேறு, ஒலிபரப்புகிறவர் வேறு. 2013இல் பிபிசி ரேடியோ 1 பட்டியல் நிகழ்ச்சியில் சூனியக்காரிப் பாட்டை ஒரு செய்தித் துணுக்குக்குள் வைத்து ஐந்து விநாடி போல ஓட்டிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டார்கள். அதே வாரம் 'ஐ'ம் இன் லவ் வித் மார்கரெட் தாட்சர்' என்று எதிர்க்கூட்டம் ஏற்றிய பழைய பங்க் பாட்டும் 35ஆம் இடத்தில் இருந்தது.

ஒற்றைவரியான்

அதுவும் காசு கொடுத்துத்தான்.